அரணமும் வெறுங்காலும்

பத்துப்பாட்டை வகுப்பில் நடத்தும்போது பெரும்பாலும் விரைந்து கடந்துபோகிற சொற்களில் ஒன்று ‘அரணம்’. அரண் என்றால் காவல், கோட்டை என்பது எல்லோருக்கும் தெரியும். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இச்சொல்லைக் காலணிக்கு ஆளுகிறார். மலையில் விளைந்ததையும் கடலில் விளைந்ததையும் சுமந்து காட்டுவழி செல்லும் வணிகர்கள், அடியைப் புதைத்து மறைக்கும் அரணத்தை அணிந்திருந்தார்களாம். உரைகள் இதைச் செருப்பு என்ற சொல்லோடு முடித்துக்கொள்கின்றன. எனக்கோ அடியைப் ‘புதைப்பது’ என்ற வினை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வாரும் அடித்தோலும் மட்டும் கொண்ட ஒன்றைப் பார்த்து ஒரு புலவன் அப்படிச் சொல்வானா? இன்றைக்கு நாம் பூட்ஸ் என்று சொல்லும் பொருளுக்கு அருகில் வரும் ஏதோ ஒன்றை அவர் கண்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அதே நூலில் ஆயன் ஒருவனின் அடி வருணிக்கப்படுகிறது. ‘தொடுதோல்’ ஓயாமல் உராய்ந்து ஆழ்ந்த வடு விழுந்த, வலிய அடி அது. தோல் வார் காலைக் கடிப்பதும், கடித்த இடம் காய்த்துப்போவதும் இரண்டாயிரம் ஆண்டுகளாக மாறவில்லை. இவரே பாடிய பட்டினப்பாலையில், வில்லேந்திய எயினர்களும் தொடுதோல் அணிந்தே கொள்ளைக்குத் திரள்கிறார்கள். ஆக, வழிநடைக்காரன், மேய்ப்பன், வேட்டுவன் என மூவருக்கும் காலில் தோல் உண்டு. முள்ளும் பரலும் நிறைந்த நிலத்தில் நடப்பவனுக்குக் காலணி அலங்காரமாக இருக்க முடியாது.

வேட்டுவனின் செருப்பு தமிழில் அடைந்த உச்சம் கண்ணப்பர் கதை. சென்னைக்கு வடமேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கும் காளத்தி மலையில், வேடரான திண்ணனார் இறைவன் முடிமேல் இருந்த பூவைச் செருப்பணிந்த காலாலேயே தள்ளுகிறார். கையில் இறைச்சி, வாயில் நீர். மிச்சம் இருப்பது கால் மட்டுமே. குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் இதைக் கூச்சமின்றிப் பாடுகிறார். ஆசாரம் ஒதுக்கி வைத்த தோல், அங்கே அன்பின் கருவியாகிறது. இந்தக் கதையைக் கேட்டு உருகிய ஊர்களிலேயே செருப்பு யார் காலில் இருக்கலாம், யார் காலில் இருக்கக்கூடாது என்ற கணக்கும் நடந்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

காட்டு நடைக்கும் வேட்டைக்குமான பூட்ஸ் என்ற தனிப்பொருள் நம்மூருக்கு ஆங்கிலேயரோடு வந்தது. வந்தவர்கள் முதலில் கற்றது, இங்கிலாந்தில் நல்லதென்று பெயரெடுத்தது இங்கே நல்லதல்ல என்பதைத்தான். கெட்டித்தோலில் தைத்து அடியில் ஆணி அறைந்த பூட்ஸ் நீலகிரியின் பாறையில் சத்தம் எழுப்பும்; மான் ஓடிவிடும். எனவே கடமான் தோலில் உள்ளூர்ச் சக்கிலியர் தைத்துத் தந்த மென்மையான பூட்ஸை வேட்டைக்காரர்கள் விரும்பினார்கள். அது ஓசை தராது, காலோடு இழையும். ஆனால் நனைந்தால் பஞ்சுபோல் ஊறிவிடும். வறண்ட காட்டுக்கு அது உகந்தது, மழைக்காட்டுக்கு உதவாது. வடசென்னைப் பக்கமோ கதை வேறு. எண்ணூர் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே வெள்ளையர் ஓய்வுக்கு ஒதுங்கிய இடம். அங்கிருந்து பழவேற்காடு வரை நீளும் கழிகளும், சென்னையைச் சுற்றியிருந்த நெல்வயல்களும் குளிர்காலத்தில் வலசை வரும் உள்ளான்களுக்குப் பெயர் போனவை. முழங்கால் சேற்றில் உள்ளான் சுடப் போகிறவனுக்கு நீர் புகாத உயர்ந்த பூட்ஸ் ஒரு பொறி. மேல்வாய் வழியாக நீர் புகுந்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் ஒரு குடம் தொங்கும். உள்ளே வந்த நீர் உடனே வெளியேறுகிற பழைய பூட்ஸே அங்கே மேல். பூட்ஸைத் தேர்ந்தெடுப்பது என்பது முதலில் நிலத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். ஐந்திணை படித்தவனுக்கு இது புதிய செய்தியாக இருக்க முடியாது.

இனி தோல். பூட்ஸின் ஆயுள் தையலில் பாதி, தோலில் பாதி. பச்சைத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிர் நீக்கி, மரப்பட்டையின் துவர்ச்சாற்றில் ஊறவைத்தால் அது அழுகாத தோலாகிறது. தென்னிந்தியாவில் அந்தத் துவர் ஆவாரம் பட்டையிலிருந்து வந்தது. வறண்ட கரிசலிலும் செம்மண் மேட்டிலும் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் அதே ஆவாரைதான். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் இளநிறமாக, வளைந்து கொடுப்பதாக இருக்கும். வெயில் பட்டால் சிவந்துபோகும் என்பதால் கடைசியில் கடுக்காய் நீரில் ஒரு முழுக்கு. ‘கிழக்கிந்தியப் பதனிடு தோல்’ என்ற பெயரில் லண்டன் சந்தையில் இதற்குத் தனி மதிப்பு இருந்தது. சிறுமாட்டுத் தோலை அங்கே ‘கிப்’ என்பார்கள். கன்றுத் தோலைவிடத் தடிமன், எருதுத் தோலைவிட இளக்கம். பூட்ஸின் மேல்தோலுக்கு அளவெடுத்தாற்போல் அமைந்த தோல். அரைப்பதமாக இங்கிருந்து சென்று, அங்கே எண்ணெய் ஏற்றி மெருகிடப்பட்டுப் பூட்ஸாகும். ஆவாரையும் கடுக்காயும் நம்முடையவை, உழைப்பும் நம்முடையது. பூட்ஸ் மட்டும் நார்த்தாம்ப்டனுடையது.

அந்தத் தோல் கடலை அடைந்த வழியில்தான் ராயபுரம் வருகிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. தூண்கள் வரிசையிட்ட அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. முதல் பாதை ஏன் அந்தத் திசையில் போனது என்பதை நம் பாடநூல்கள் பேசுவதில்லை. பாதை மேலும் நீண்டு 1862இல் மேற்குக் கரையின் பேய்ப்பூரை எட்டியபோது ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றங்கரையின் தோல் ஊர்கள் அதன் ஓரத்திலோ அருகிலோ அமைந்துவிட்டன. பதனிட்ட தோல் சென்னைக்கு வந்து, பெரியமேட்டுத் தோல் மண்டிகளில் தரம் பிரிக்கப்பட்டு, விலை பேசப்பட்டு, கடற்கரைக்குச் சென்றது. துறைமுகம் என்று சொல்லத்தக்க எதுவும் அப்போது இல்லை. மசூலா படகுகள் அலை தாண்டிச் சரக்கைக் கப்பலுக்குக் கொண்டு போயின. 1875இல் வேல்ஸ் இளவரசரின் வருகையின்போது அடிக்கல் நாட்டிக் கட்டத் தொடங்கிய துறைமுகத்தை 1881 நவம்பர்ப் புயல் உடைத்தது. மறுபடியும் கட்டி முடிக்க அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு ஆயிற்று. அதுவரைக்கும் வெறுங்காலில் ஈரமணலில் ஓடியவர்களின் தோளில்தான் ஐரோப்பாவின் பூட்ஸ் போனது.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுக ஓரத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்ததை ஊரே இன்றும் கதையாகச் சொல்கிறது. கெட்டிக்காரனை ‘எம்டன்’ என்று சொல்லும் வழக்கும் மிஞ்சியது. அதே போரில் இத்துறைமுகத்தின் பெரிய பங்கு தோல்தான் என்பது யாருக்கும் நினைவில்லை. அகழிப் போருக்குப் பூட்ஸ் லட்சக்கணக்கில் தேவைப்பட்டது. சேற்றில் மாதக்கணக்கில் நின்ற கால்கள் அழுகின. அந்நோய்க்கு ‘அகழிக்கால்’ என்றே பெயர். படைப்பூட்ஸின் மேல்தோலுக்குத் தென்னிந்தியக் கிப் தோல் மிகவும் ஏற்றது என்று கண்ட அரசு, 1916இல் அதன் வணிகத்தையே தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து போர்த்துறைக்கு அனுப்பியது. அக்காலத்துப் பிரிட்டிஷ் பூட்ஸில் தோலின் சொரசொரப்பான உட்பக்கம் வெளியே தெரியும்படி தைத்தார்கள். மென்பக்கம் காலோடு இருக்கும். வெளிப்பக்கத்தில் கொழுப்பைத் தேய்த்தால் நன்றாக உறிஞ்சும், கீறல் விழுந்தாலும் கெடாது. மலையேறுவோர் பூட்ஸில் இம்முறை இன்றும் உண்டு. கடையில் மினுமினுப்பைக் காட்டி விற்கும்போது நினைவில் கொள்ள வேண்டிய செய்தி.

போருக்கு முன்பே சென்னைத் தோலுக்கு ஓர் அடி விழுந்திருந்தது. 1884இல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ஸ் குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மாதக்கணக்கில் ஆகும் வேலை நாள்கணக்கில் முடிந்தது. குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும். நனைந்து காய்ந்தாலும் மரப்பட்டைத் தோல்போல விறைக்காது. அமெரிக்கர்கள் சென்னையிலிருந்து பதனிட்ட ஆட்டுத்தோலை வாங்குவதை விட்டுப் பச்சைத்தோலையே வாங்கத் தொடங்கினார்கள். இங்குள்ள தோல் ஷாப்புகள் தள்ளாடின. அப்போதுதான் ஆல்ஃபிரட் சாட்டர்டன் உள்ளே வருகிறார். பொறியியல் பேராசிரியர்; அலுமினியப் பாத்திரத் தொழிலைச் சென்னையில் தொடங்கி வைத்த அதே மனிதர். பூந்தமல்லி நெடுஞ்சாலைக் கலைப்பள்ளியில், பெரியமேட்டு மண்டிகளுக்குக் கூப்பிடு தூரத்தில், 1903 அளவில் குரோம் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். அவர் மனத்தில் முதலில் இருந்தது பூட்ஸ் அல்ல என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் கவலையின் தோற்பைதான் அவருடைய இலக்கு. நாள் முழுக்க நனைவதும் காய்வதுமாகக் கிடந்து சீக்கிரம் இற்றுப்போகும் அந்தப் பை குரோம் தோலில் நீடித்து உழைக்கும் என்று கணக்கிட்டார். செருப்பும் பூட்ஸும் அதைத் தொடர்ந்து வந்தன. கவலைக்கு உழைத்த தோல் காலுக்கும் உழைக்கும் என்ற தர்க்கம் எளிமையானது. அரசு தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். 1910இல் இந்தியா அமைச்சர் மார்லி, அரசு கற்றுக் கொடுக்கலாம், கடை நடத்தக்கூடாது என்று எழுதிவிட்டார். தொழிற்சாலை ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. சாட்டர்டன் மைசூருக்குப் போனார். தனியார் குரோம் தோல் நிறுவனம் ஒன்று பல்லாவரத்துக்கு அருகே எழுந்து, குரோம்பேட்டை என்று ஓர் ஊருக்கே பெயர் தந்தது. மார்லி அனுமதித்த ‘கற்றுக் கொடுத்தல்’ ராயபுரத்தை ஒட்டிய வண்ணாரப்பேட்டைக்கு வந்தது. அங்கே இயங்கிய அரசுத் தோல் தொழிற்பயிற்சி நிலையம் பின்னாளில் தரமணிக்கு இடம் பெயர்ந்தது.

இப்படித் தோலை உலகுக்கே அனுப்பிய மாகாணத்தில் செருப்பு அணிவது சிலருக்குக் குற்றமாக இருந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரப் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடருக்கு விதித்த எட்டுத் தடைகளை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே உடை கூடாது, சட்டை கூடாது, பெண்கள் பூச்சூடக்கூடாது என்று போகிற அந்தப் பட்டியலில் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்பதும் ஒன்று. மாட்டை உரித்தவர்கள், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர்கள், செருப்பைத் தைத்தவர்கள் எல்லோரும் எந்தச் சாதியினர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தைத்தவன் தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஊர்த்தெருவைக் கடக்க முடிந்தது. காலின் சொகுசு, காலணியின் உறுதி என்றெல்லாம் பேசும்போது இந்தக் கைச்செருப்பு கண்முன் வராமல் இருப்பதில்லை.

வெறுங்கால் ஒரு தண்டனையாக இருந்த அதே நாட்டில், வெறுங்காலே காலை நன்றாக வளர்த்தது என்பதும் உண்மை. யு. பி. ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு எலும்பு மருத்துவர்கள் 2,300 இந்தியக் குழந்தைகளின் பாதங்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட கட்டுரையில், செருப்பணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும் வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருப்பதாகக் கண்டார்கள். வெறுங்காலில் வளர்ந்த பாதத்தின் முன்பகுதி அகன்றிருக்கும், விரல்கள் விரிந்திருக்கும். ஐரோப்பியக் காலின் கட்டையில் வார்த்த பூட்ஸில் அதைத் திணித்தால் சுண்டுவிரல் ஓரம்தான் முதலில் கொப்பளிக்கும். எனவே மலைநடைக்குப் பூட்ஸ் வாங்கப் போகும் தமிழர் எண்ணைப் பார்ப்பதோடு அகலத்தையும் பார்க்க வேண்டும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நடக்கும்போது போடப்போகிற அதே கனமான காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். இறக்கத்தில் விரல் நுனி முன்தோலில் முட்டக்கூடாது; ஏற்றத்தில் குதிகால் மேலெழக்கூடாது. புதுப் பூட்ஸோடு நேரே மலைக்குப் போகிறவன் உருத்திரங்கண்ணனாரின் ஆயனுக்கு விழுந்த வடுவை ஒரே நாளில் பெற்றுவிடுவான்.

அடிப்பாகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1924இல் எவரெஸ்டில் மறைந்த மல்லரியின் உடல் 1999இல் கிடைத்தபோது காலில் இருந்தது ஆணி அறைந்த தோல் பூட்ஸ். 1935இல் ஆல்ப்ஸில் தம்மோடு ஏறியவர்களில் ஆறு பேரைப் பறிகொடுத்த இத்தாலியர் விட்டாலே பிரமானி, பிரெல்லியின் உதவியோடு பள்ளமும் மேடுமான ரப்பர் அடியை உருவாக்கினார். அவர் பெயரின் சுருக்கமே ‘விப்ரம்’. வியட்நாம் போரில் அமெரிக்கர் அணிந்த காட்டுப் பூட்ஸில் கித்தான் மேல்பாகமும், உள்ளே வந்த நீர் வெளியேறப் பக்கவாட்டுத் துளைகளும் இருந்தன. பழவேற்காட்டு உள்ளான் வேட்டைக்காரனின் ஓட்டைப் பூட்ஸ் கடைசியில் இராணுவத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது என்று சொல்லி நான் சிரித்துக்கொள்வதுண்டு.

விடுதலைக்குப் பின் நடந்ததை விரைவாகச் சொல்லலாம். 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 1985இல் கனிஷ்கா விமானத்தோடு மறைந்த நாயுடம்மா அதை உலகறியச் செய்தார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கடமான் தோல் பூட்ஸும் அதோடு போயிற்று. வேட்டைப் பூட்ஸ் பெயரை மாற்றிக்கொண்டு ட்ரெக்கிங் ஷூவானது. அரைப்பதத் தோலின் ஏற்றுமதி குறைந்து, முழுச்செருப்பே ஆம்பூரிலிருந்து கப்பலேறும் காலம் வந்தது. அதற்குப் பாலாறு கொடுத்த விலையை 1996ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பு விரிவாகச் சொல்கிறது. சாட்டர்டனின் குரோமியமும் அந்த விலையில் அடக்கம்.

திருவொற்றியூர், எண்ணூர், மணலிப் பகுதியில் இன்று பூட்ஸ் என்றால் அது மலைக்கானதல்ல, ஆலைக்கானது. என் மாணவர்கள் பலரின் தந்தையர் அதை அணிந்தே ஓய்வு பெற்றவர்கள். விரல்களின்மேல் எஃகுக் கவசம், எண்ணெயில் வழுக்காத அடி என்று அதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 15298 பேசுகிறது. நிரந்தரத் தொழிலாளிக்கு நிர்வாகம் தரும். ஒப்பந்தக்காரர் வழி வருபவனுக்குக் கிடைப்பது அளவு பொருந்தாததாக இருப்பதும், அதை அவன் உணவு இடைவேளையில் கழற்றி வைத்துவிட்டு ரப்பர்ச் செருப்புக்கு மாறுவதும் இப்பகுதியில் வாழ்பவர்கள் கண்டதே. மே மாதத்து வெயிலில் எஃகு முனைப் பூட்ஸுக்குள் எட்டு மணி நேரம் இருக்கும் கால் என்ன ஆகும் என்பதை எந்தத் தரநூலும் எழுதவில்லை. படைவீரனின் அகழிக்காலுக்கு மருத்துவப் பெயராவது கிடைத்தது.

கழிமுகத்தில் நிலைமை இன்னும் வேறு. மீனவருக்கு வெறுங்கால்தான் கருவி. ஈரப்பலகையைப் பற்றுவது விரல்கள். பூட்ஸோடு நீரில் விழுந்தால் அது கீழே இழுக்கும். எண்ணூர்க் கழியில் இருளர்கள் சேற்றுக்குள் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். தொட்டறிவதே அந்தத் தொழில். இதுவும் வேட்டைதான், எயினரின் வேட்டையைவிடப் பழையதாகக்கூட இருக்கலாம். அந்தச் சேற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் ஆண்டுக்கணக்கில் படிந்தது. 2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்தில் இறங்கியது. காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று ஊர்ஊராகக் கரிய படலம். அதை அள்ள இறங்கியவர்கள் அந்த மீனவர்களே. முதல் நாட்களில் வாளியும் குவளையும் மட்டும்தான்; கையுறையும் பூட்ஸும் பின்னால் வந்தன. அந்த வேலைக்குக் கிடைத்ததையெல்லாம் மாட்டிக்கொள்ள முடியாது. இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊதிப் பிசுபிசுத்துக் கிழியும். நைட்ரைல் ரப்பரில் செய்த, முழங்கால்வரை மூடும் பூட்ஸ் வேண்டும். அதிலும் சேறு காலைக் கவ்விக்கொள்ளாத அளவுக்குக் கணுக்காலில் இறுக்கமாகவும், படகில் ஏறியதும் ஒரே இழுப்பில் கழற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒன்றைத் தாழங்குப்பத்துக் காலின் அகலத்துக்குக் கட்டை செதுக்கித் தைப்பது, வண்ணாரப்பேட்டையில் தோல் தொழில் கற்றுத் தந்த இந்த ஊருக்குக் கடினமான வேலையாக இருந்திருக்காது.